மொதல்ல கடலு, அப்புறந்தான் கடை

கடலூருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். கடலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கெடாரிலிருந்து போனால் பெரிய கோயிலில் கும்பிடுவோம், ஜவுளி எடுப்போம், ஓட்டலில் சாப்பிடுவோம். உடனே என் வீட்டுக்காரர், "பஸ்ஸு போயிடும், மாடு கட்டிக் கெடக்குது. கடல அடுத்த வாட்டி பாக்கலாம்" என்று கிளப்பிவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது.

இந்த வருடம் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மூட்டை கட்டி முடித்ததும், தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டேன்.

"மொதல்ல கடலு. அப்புறந்தான் கடை."

"இந்த வெயில்லயா? அங்க இன்னா இருக்குது, தண்ணிதான?"

"அந்தத் தண்ணியத்தான் பாக்கப் போறேன். வர்லன்னா இங்கியே குந்திக்கினு இருங்க."

முனகிக்கொண்டே பின்னால் வந்தார்.

ஆட்டோக்காரர் படகுகள் நிற்கும் குப்பத்துப் பக்கம் இறக்கிவிட்டார். கடலைக் கண்டதும் நேராக நடந்தேன். கீழே பார்க்கவில்லை.

"யாரும்மா அது, வலை மேல செருப்போட!"

படகு நிழலில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாள் கத்தினாள். மணலில் காயப்போட்டிருந்த வலையின் நடுவில் நின்றிருந்தேன்.

"தெரியாம மிதிச்சிட்டேன். அதுக்கு இன்னாத்துக்கு இப்பிடிக் கத்துற?"

"எந்த ஊரு நீ?"

"விழுப்புரம் பக்கம், கெடாரு."

"உங்க ஊரு களத்துல எவனாவது செருப்போட ஏறுனா சும்மா உடுவியா?"

விடமாட்டேன். மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்த களத்தில் அப்படி ஏறிய வியாபாரியை நானே விரட்டியிருக்கிறேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

வீட்டுக்காரருக்கு இது போதும். "பாத்தாச்சில்ல? மானம் போச்சு, கெளம்பு."

"போனது போச்சு. கடல்ல கால் வைக்காம வரமாட்டேன்."

மணல் சுட்டது. வலையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அந்த அம்மாள் மறுபடியும் கத்தினாள்.

"அங்க எறங்காத, பள்ளம்! இந்தாண்ட வா. அடுத்த தபா வர்றப்ப உங்க ஊரு மல்லாட்டை கொண்டா, வலைய மிதிச்சதுக்கு!"

"கொண்டாறேன். நீ மீன எடுத்து வையி!"

முழங்கால் வரை இறங்கி நின்றேன். அலை வந்து இடுப்பு வரை நனைத்தது. காலடி மணலை இழுத்தது. விரலை ஊன்றிக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் கரையிலிருந்து பஸ், கடை, மாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். நான் திரும்பவில்லை. போதும் என்று எனக்குத் தோன்றிய பிறகுதான் ஏறினேன்.

ஈரப் புடவையோடுதான் ஜவுளிக் கடைக்குள் போனேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.