எங்கள் குடியிருப்புக்கு வாசல் தடுப்பு வாங்கிய கதை

பென்னாகரம் ரோட்டில் குடியிருப்பவர்களுக்கு ஆடிப் பதினெட்டு அன்று தங்கள் வீடு தங்களுக்குச் சொந்தமில்லை. ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் பாதி எங்கள் நாற்பது வீட்டுக் குடியிருப்பின் வாசலில்தான் மூச்சு வாங்கும். குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள், கழிப்பறை எங்கே என்பார்கள், வண்டியைக் கொஞ்ச நேரம் நிழலில் விட்டுக்கொள்ளட்டுமா என்பார்கள். எங்கள் வாட்ச்மேன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வேன்காரர் நேரே உள்ளே வந்து, சங்கச் செயலாளரின் கார் நிற்கும் கட்டத்தில் வேனை நிறுத்தி, பக்கத்திலேயே மூன்று கல்லைக் கூட்டிக் கறிக்குழம்பு வைத்துவிட்டார். செயலாளர் விரதம் இருந்து கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பி வந்தார். எங்களுக்கு வாட்ச்மேன் போதாது, இயந்திரம் வேண்டும் என்று அந்தக் குழம்பு கொதிக்கும்போதே முடிவாகிவிட்டது.

செயலாளர் ஓய்வு பெற்ற பொறியாளர். நான் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் சேர்ந்து தேர்வுக் குழு ஆனோம். அவர் இயந்திரத்தைப் பார்ப்பார், நான் காகிதத்தைப் பார்ப்பேன். புதிதாக ஒன்றை வாங்க வேண்டுமென்றால், இருக்கிற ஏற்பாட்டில் என்ன குறை என்று முதலில் எழுதி வைக்க வேண்டும். அது ஆபீஸ் முறை. முறை என்று வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து வாட்ச்மேனின் குறைகளை எண் போட்டு எழுதினேன். ஒன்று, வருகைப் பதிவேட்டைச் சரியாக எழுதுவதில்லை. இரண்டு, சாப்பிட்டபின் கண் அசருகிறார். மூன்று, வெளியூர் வண்டிகளை உள்ளே விடுகிறார். நான்கு, ஆடுகள் உள்ளே வந்து பூச்செடியை மேய்வதைத் தடுப்பதில்லை. ஐந்து, துக்கம் நடந்த நாட்களில் கேட்டைக் கயிற்றால் கட்டித் திறந்து வைத்துவிட்டு, தன் நாற்காலியை வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர் ஒருவரையும் விசாரிக்காமல் விட்டிருக்கிறார். ஆகவே இவரது பணியைத் தொடர வேண்டியதில்லை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அன்று அழகாக வந்திருந்தது.

விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. எட்டு வருஷமாக எங்கள் வாசலில் இருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். காலை ஆறு மணிக்கு முதல் பஸ்ஸில் ஊரிலிருந்து வந்து இறங்குவார். நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பையை வாங்கிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் கூடவே நடந்தார்.

“அம்மா, பொண்ணு நர்சிங்ல சேந்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. அது முடியற மட்டும் இங்க இருக்க வுட்டாப் போதுங்க. அப்பறம் நானே போயிர்றேன்.”

“பாக்கலாம்,” என்றேன்.

முப்பது வருஷம் அரசு நாற்காலியில் உட்கார்ந்தவள் சொல்லும் ‘பாக்கலாம்’ என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு வாரத்துக்கு ஒரு கம்பெனிக்காரராக வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி சிரிப்பு. முதலில் வந்தவர் கைரேகைப் பெட்டி கொண்டுவந்தார். புளி சீசன் அது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஒருத்தி வீட்டுக்கு வேண்டிய புளியை எப்போதும் தானே கொட்டை எடுத்து வைத்துக்கொள்வாள். அவள் விரலை வைத்தால் பெட்டி சிவப்பாகவே எரிந்தது. ஆறு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, “நான் இந்த வூட்டுக்காரி இல்லைங்குது” என்று போய்விட்டாள். அடுத்தவர் முகம் பார்த்துத் திறக்கிற இயந்திரம் கொண்டுவந்தார். செயலாளர் முகத்தை முதல் நாள் பதிந்தார்கள். மறுநாள் அவர் தீர்த்தமலைக்குப் போய் மொட்டை அடித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். அது அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பழைய முகத்தோடு வரச் சொல்லுங்கள் என்று கம்பெனிக்காரர் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. அட்டை கொடுக்கிற முறையை நானே வேண்டாமென்றேன். எங்கள் பெண்கள் கழுத்தில் ஏற்கெனவே தொங்குவது போதும்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கார்களுக்குக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர், அதைப் பார்த்துத் தானாக எழும் தடுப்புக் கம்பி. ஆட்கள் நுழைய ஒரு சின்னக் கதவு, பக்கத்தில் ஒரு தொடுதிரை. வருகிறவர் திரையில் வீட்டு எண்ணையும் வந்த காரணத்தையும் அழுத்த வேண்டும். வந்தவர் முகத்தோடு அந்த வீட்டுக்குப் போன் போகும். வீட்டுக்காரர் போனில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும், வண்டி நின்றால் கம்பியும் எழும். எங்கள் வீட்டுக்கு என் கணவரின் எண்ணைக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தால் எனக்குப் பிடிக்காது.

இதில் இரண்டு திருத்தங்கள் என்னுடையவை. அதில் எனக்கு அப்போது பெருமை உண்டு. ஒன்று, வெறும் கம்பி வேண்டாம், கம்பிக்குக் கீழே தரை வரைக்கும் வரிசையாகச் சட்டங்கள் தொங்குகிற மாடல்தான் வேண்டும் என்றேன். ஆடு குனிந்து நுழைய முடியாது. இரண்டாவது, குரல். திரையில் ‘விருந்தினர்’ என்று அழுத்தியதும் ‘தங்கள் வருகை நல்வரவாகுக, காத்திருக்கவும்’ என்று ஒரு பெண் வங்கியில் பேசுவது மாதிரி பேசினாள். கிராமத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால் பயந்து அடுத்த பஸ் ஏறிவிடுவார்கள் என்றேன். அப்படியானால் நீங்களே பேசிக் கொடுங்கள் மேடம் என்றார் கம்பெனிக்காரர். பேசினேன். “வாங்க, வாங்க! எல்லாரும் நல்லாயிருக்கீங்களா? வூட்டுக்குச் சொல்லியாச்சு, கொஞ்சம் நில்லுங்க!” சிரித்துக்கொண்டே பேச வேண்டும் என்றார்கள், சிரித்தேன். கேட்டவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். நானே இரண்டு தடவை கீழே போய்த் திரையைத் தொட்டுக் கேட்டுவிட்டு வந்தேன்.

வாட்ச்மேனுக்கு இரண்டு மாதம் கெடு கொடுத்தோம். அதுவரை இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் கை வைக்கக் கூடாது. கம்பியைக் கையால் தூக்குவதற்கென்று ஒரு சாவி இருந்தது. அதைச் செயலாளர் தன் கொத்தில் கோத்துக்கொண்டார்.

இரண்டாவது மாதம் என் மாமனார் இறந்தார். தொண்ணூறைத் தாண்டிய வயது, படுக்கையில் கிடக்காத சாவு. யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. காபி ஆறிவிட்டது என்று அவர் தினமும் என்னைக் குறை சொல்வார், அன்று காலை யாரும் சொல்லவில்லை. விடிந்ததும் ஐஸ் பெட்டி வண்டி வந்தது. காரணம் கேட்ட இடத்தில் வண்டிக்காரர் ‘டெலிவரி’ என்று அழுத்தினார். என் கணவர் பச்சையை அழுத்தினார். அடுக்கு வீட்டில் பெட்டியை மாடிக்கு ஏற்ற முடியாது. கீழே, எங்கள் கார் நிற்கும் கட்டத்தில், மஞ்சள் கோடுகளுக்கு நடுவே வைத்தோம். வாழ்நாளில் ஒரு கார் வாங்காதவர் அன்று எங்கள் எண் போட்ட இடத்தில் கச்சிதமாகக் கிடந்தார்.

பத்து மணிக்குச் சடங்குக்காரர் என் கணவரைக் கூப்பிட்டார். சட்டையைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு உட்கார வைத்தார்கள். சட்டையை யாரோ மாடிக்குக் கொண்டுபோய்க் கதவில் மாட்டினார்கள். போன் சட்டைப் பையில் இருந்தது.

அதன் பிறகுதான் கடத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. முன்னால் என் அண்ணன், கையில் கோடித் துணி. சம்பந்தி வீட்டுக் கோடி விழாமல் உடம்பை எடுக்க மாட்டார்கள். கம்பி எழவில்லை. சின்னக் கதவுக்குப் போனார்கள். திரை காரணம் கேட்டது. விருந்தினர், டெலிவரி, வீட்டு வேலை, பழுது பார்ப்பவர் என்று நான்கு கட்டம். சாவுக்கு வந்தவர் எதை அழுத்துவார்? யாரோ ‘விருந்தினர்’ என்று அழுத்தியிருக்கிறார்கள்.

“வாங்க, வாங்க! எல்லாரும் நல்லாயிருக்கீங்களா?”

பெட்டியின் தலைமாட்டில் குடியிருப்புப் பெண்களோடு கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த எனக்கு, வாசலிலிருந்து என் குரலே சிரித்துக்கொண்டு கேட்டது. எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்கு வருகிறவரை வாங்க என்று சொல்வதில்லை. போகிறவரும் போய்ட்டு வர்றேன் என்று சொல்வதில்லை. வருவார்கள், கையை நீட்டுவோம், தொடுவார்கள், அவ்வளவுதான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆத்தா செத்த வீட்டில் தெரியாமல் வாங்க என்று சொல்லிவிட்டு ஒரு தலைமுறையாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அழுகை ஒரு நொடி நின்றது. பெண்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

மாடியில் போன் அடித்து ஓய்ந்தது. வெளியே யாரோ மறுபடியும் அழுத்தினார்கள். மறுபடியும் வாங்க வாங்க, மறுபடியும் நல்லாயிருக்கீங்களா. நான் எழுந்தேன். பக்கத்திலிருந்த நாத்தனார் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “நீ வாசலுக்குப் போயி அழைக்கறதாட்டம் ஆயிரும், உக்காரு.” அதுவும் சரிதான். ஐந்தாவது தடவை நான் காதைப் பொத்திக்கொண்டேன். செயலாளர் சாவிக்கொத்தோடு சேலத்துக்குப் போயிருந்தார்.

வாசலில் நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். என் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். “வாங்க வாங்கன்னு சொல்லி வெளிய நிக்க வெக்கறாளா? வண்டியத் திருப்புடா” என்று கோடியை வேன் சீட்டில் போட்டிருக்கிறார். வாட்ச்மேன் அதுவரை கை வைக்காமல்தான் நின்றிருந்தார். வேன் பின்னால் நகர்ந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தத் திரையின் வாயில் திணித்துக் கட்டினார். பிறகு கம்பிக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினார். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆடு நுழையாத சட்டங்கள் தரையில் கொட்டின. அவர் யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. என் அண்ணன் கோடியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

காரியம் முடிந்த வாரம் சங்கக் கூட்டம். உடைந்தது இயந்திரம், உடைத்தவர் வாட்ச்மேன், அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும் என்றார் செயலாளர். வாட்ச்மேன் வாசல் தூணை ஒட்டி நின்றார். அவரை ஏன் அனுப்புகிறோம் என்பதற்கு ஏற்கெனவே தீர்மானமே இருக்கிறது என்று செயலாளர் என் குறிப்பை எடுத்து எல்லோர் முன்னாலும் படித்தார். ஒன்று முதல் ஐந்து வரை, என் வாக்கியத்தில், என் கையெழுத்தோடு. ஐந்தாவதைப் படிக்கும்போது என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாட்ச்மேன் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கிராமத்தில் பள்ளிக்கூடம் போன ஆள், ‘பணியைத் தொடர வேண்டியதில்லை’ என்பது புரியாதவர் அல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட என் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

எழுந்து, அந்தக் குறிப்பை நான் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அப்படி ஒரு முறை கிடையாது என்றார் செயலாளர். முறை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்று கத்தினேன். குரல் இத்தனை நாள் தப்பான இடத்தில்தான் பேசியிருந்தது. கடைசியில் எல்லோரும் கை தூக்கினார்கள். மகளின் படிப்பு முடியும் மட்டும் அவர் இருக்கலாம். இயந்திரமும் இருக்கும், வாங்கியாகிவிட்டதே. என் குரலை அழித்துவிட்டார்கள். இப்போது வெறும் மணிதான் அடிக்கிறது. துக்க நாளில் கம்பியைத் தூக்கி வைக்க அவரிடமே ஒரு சாவியும் கொடுத்தாயிற்று.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. இயந்திரத்தில் வாட்ச்மேன் என்று ஒரு வகையே இல்லை. வாட்ச்மேன் வேண்டாமென்று வாங்கியதில் அது எப்படி இருக்கும்? எதில் பதிந்தாலும் ஒரு வீட்டு எண் கேட்கிறது. காலை ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குப் போன் வரும், அந்த வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் அவர் வேலைக்கே வர முடியும். ஆறு மணிக்கு எழ நாற்பது வீட்டில் யாரும் தயாராக இல்லை. எங்கள் வீட்டு எண்ணையே கொடுத்து, போன் என் கைக்கு வரும்படி மாற்றிக்கொண்டேன்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. தினமும் ஆறு மணிக்கு என் போன் திரையில் அவர் முகம் வரும். குளித்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, படம் எடுக்கப்போகிறவர் மாதிரி நேராக நிற்பார். ‘உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்துள்ளார். அனுமதிக்கலாமா?’ காய்ச்சலில் கிடந்தபோதும் அந்த அழைப்பை நான் தவறவிட்டதில்லை. ஆனால் நான் பச்சையை அழுத்துவதற்கு முன்பே அவர் இரண்டு கையையும் எடுத்து ஒரு கும்பிடு போட்டுவிடுகிறார். நான் எழுதியது முழுவதையும் காதால் கேட்ட மனுஷர். அந்தக் கும்பிட்டை என்னால் பார்க்க முடிவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தடவித்தான் பொத்தானை அழுத்துகிறேன்.