பாலத்தில் சாப்பிட ஒரு துண்டு ரொட்டி

என் மனைவிக்கு ரொட்டி என்றால் உயிர். அந்த ரொட்டிதான் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் நின்று கத்தியவன் நான். அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் இவள் குடல் புண்ணாகிவிடுமாம். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, ஆயுசுக்கும். நோயின் பெயர் சீலியாக். கேட்டால் யாரோ வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் மாதிரி இருந்தது.

அவள் வேலை செய்வது சிங்கப்பூரில். விடியும் முன்பே ஜொகூரில் எங்கள் தம்போயில் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். ஜொகூர் பக்கம் பாஸ்போர்ட் சோதனை முடிந்து சிங்கப்பூர் போகும் பாலத்தில் ஏறியதும் பஸ் நகராது. முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். அங்கேதான் அவள் பசியாறுவாள். காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய இரண்டு துண்டு ரொட்டி, தாளில் சுற்றி, ஒரு கையில். இன்னொரு கை முன் சீட்டுக் கம்பியில். பக்கத்து சீட்டில் தினமும் உட்காரும் ஓர் அக்கா பன் கொண்டுவருவார். இவள் ரொட்டியில் பாதி அங்கே போகும், அவர் பன்னில் பாதி இங்கே வரும். பல வருஷமாக நடந்த பண்டமாற்று.

டாக்டரைப் பார்த்த பிறகு அது நின்றது. அக்கா வழக்கம்போல் பன்னை நீட்டுவார். இவள் "பசியில்லக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நோயைச் சொன்னால் பரிதாபப்படுவார்களாம், அது பிடிக்காதாம். இதை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவை போதும், எனக்குத் தூக்கம் போனது.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். இட்லி கட்டிக் கொடுத்தேன். சில நாள் தின்றாள். பிறகு, "ஆறிப்போன இட்லிய முழுங்கறதுக்கு நான் பட்டினியே கெடக்கலாம்" என்று டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். கடையில் குளூட்டன் இல்லாத ரொட்டி வாங்கினேன். புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு கட்டி வைத்திருப்பார்களே, அதைக் கடித்த மாதிரி இருந்தது. "இதுக்குப் பேரு ரொட்டியாங்க?" என்று கேட்டாள்.

நான் ஏர்கோன் ரிப்பேர் செய்பவன். ஒரு நாள் ஒரு சீன அம்மா வீட்டில் சமையலறைப் பக்கம் ஏர்கோன் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஓடிவந்து, காற்றை அந்த அலமாரிப் பக்கம் திருப்பாதே, அங்கே உயிருள்ள ஒன்று இருக்கிறது என்றார். பூனையோ என்று எட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்ளே மாவு. மாவுக்குள் குமிழிகள் மேலே வந்து வந்து உடைந்துகொண்டிருந்தன. ஈஸ்ட் வாங்காமல் மாவையும் தண்ணீரையும் வைத்தே ரொட்டிக்கு உறை செய்யலாமாம். தயிருக்கு உறை மோர் போல ரொட்டிக்கு இது. அரிசி மாவில் வருமா என்று கேட்டேன். வரும் என்றார், பழுப்பரிசி மாவில் நன்றாகவே வரும் என்றார். அன்றைக்கு ஏர்கோனை எப்படி மாட்டி முடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. மனசு பூராவும் அந்தப் பாட்டிலில்தான்.

வீட்டுக்கு வந்ததும் மிக்சியைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். பழுப்பரிசியைப் பொடித்துச் சலித்து, கொதித்து ஆறிய தண்ணீரைச் சம எடை ஊற்றிக் கலக்கி, பாட்டிலில் ஊற்றி மேலே துணி கட்டினேன். இணையத்தில் படித்த குறிப்புகள் எல்லாம் ஒரே பாட்டுதான் பாடின. கதகதப்பான இடத்தில் வையுங்கள், அடுப்பருகில் வையுங்கள், போர்வை சுற்றுங்கள். நம் ஊரில் கதகதப்பு இல்லாத இடத்தைக் காட்டினால் நான் பரிசு கொடுப்பேன்.

இரண்டாம் நாளே பாட்டில் பொங்கியது. துணியைத் தள்ளிக்கொண்டு மாவு எட்டிப் பார்த்தது. அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"அலாமாக்! என்னாங்க இது, கள்ளுக்கடை மாதிரி நாறுது!"

"உயிர் வந்திருச்சும்மா! பாரு, மூச்சு விடுது!"

"குடிக்கப் போறீங்களா, ரொட்டி சுடப் போறீங்களா?"

மறுநாள் அது செத்துக் கிடந்தது. குமிழி இல்லை, அசைவு இல்லை, மேலே ஒரு விரல் உயரம் தண்ணீர் தேங்கி நின்றது. என் முகத்தைப் பார்த்து அவளே டீ போட்டுக் கொடுத்தாள். பிறகுதான் தெரிந்தது, முதல் பொங்கல் பொய்ப் பொங்கலாம். எல்லாருக்கும் அப்படித்தானாம். தினமும் பாதி மாவை எடுத்துக் கொட்டிவிட்டுப் புது மாவு போட்டு வரவேண்டுமாம். மாவைக் கொட்டுவதா? எங்கள் வீட்டில் சோற்றுப் பருக்கை கீழே விழுந்தாலே பேச்சு வாங்கணும். எடுத்த பாதியில் உப்பும் வெங்காயமும் போட்டுத் தோசை வார்த்து நானே தின்றேன். அடுத்த நாளும் தோசை. அதற்கடுத்த நாளும். அக்கம்பக்கத்தில் யாரிடம் பேசினாலும் எனக்குப் புளித்த ஏப்பம்தான்.

அந்தப் பாட்டிலுக்கு அவள் "உங்க சின்ன வீடு" என்று பெயர் வைத்தாள். வேலையிலிருந்து வந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தானாம். உண்மைதான், மறுக்க மாட்டேன். இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் துணியை அவிழ்த்தேன். கள்ளு நாற்றம் போய்விட்டிருந்தது. பச்சை ஆப்பிளை நறுக்கிய வாசனை. மாவு மேலே ஏறி, நடுவில் மேடு தட்டி, உள்ளே சின்னச் சின்னப் பொந்துகளோடு நின்றது. சமையலறையில் நான் ஒற்றை ஆளாக ஆடினேன். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆடினேன்.

முதல் ரொட்டி செங்கல். அதைப் பற்றி இவ்வளவு போதும். இரண்டாவதில் மரவள்ளி மாவும் இசப்கோலும் சேர்த்தேன். இசப்கோல் வாங்கப் போனபோது மருந்துக்கடைப் பெண், எத்தனை நாளாக மலச்சிக்கல் என்று அக்கறையாக விசாரித்தாள். ரொட்டிக்கு என்றதும் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த ரொட்டி நன்றாகத்தான் எழும்பியது. ஆனால் ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு கத்தியை வைத்தேன். உள்ளே பசை. மூன்றாவதை ஆறும்வரை நான் தொடவே கூடாது என்று அவள் சமையலறைக் கதவைச் சாத்தி என்னை வெளியே நிறுத்தினாள்.

அந்த மூன்றாவது ரொட்டி, ரொட்டி. மொறுமொறு என்று தோல், உள்ளே மெத்து. அவள் வெண்ணெய் தடவி ஒரு துண்டு தின்றாள், கண்ணை மூடிக்கொண்டு. இன்னொன்று தின்றாள். "நாளைக்குப் பஸ்ஸுக்கு எடுத்துட்டுப் போறேங்க" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியாத சந்தோஷம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சோறு, கோழிக்கறி, வழக்கம்போல என் ரசம்.

சாயங்காலம் அவளுக்கு வயிறு பிடித்துக்கொண்டது. இது புதிதில்லை. கோதுமையை விட்டு ஒரு வருஷம் ஆகியும் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்த வலி வந்துகொண்டுதான் இருந்தது. குடல் ஆற நாளாகும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இந்தத் தடவை சுருண்டு படுத்துவிட்டாள். திங்கட்கிழமை லீவு போட்டாள். பஸ்ஸுக்கு என்று நறுக்கி வைத்த துண்டுகள் மேசையிலேயே கிடந்தன.

"நான் கோபப்படல. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா எனக்குப் பயமா இருக்குங்க. அந்தப் பாட்டில ஊத்திருங்க. ரொட்டியே வேணாம் எனக்கு" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கெஞ்சினாள். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் போனேன். நன்றாகப் பொங்கி நின்றது, பாவம், தன் தலைவிதி தெரியாமல். முதலில் அவளுக்கு ரசம் வைத்துவிட்டு ஊற்றலாம் என்று பாட்டிலைச் சிங்க் ஓரத்தில் வைத்தேன். வயிற்று வலி என்றால் எங்கள் வீட்டில் மிளகு ரசம்தான். அதில் பெருங்காயம் தாராளமாகப் போட வேண்டும். என் ரசத்தில் ஊருக்கே பொறாமை, அதன் ரகசியமே பெருங்காயத்தூள்தான். வலி அதிகம் என்றால் இன்னும் கொஞ்சம் போடுவேன்.

ரசம் கொதி வந்ததும் பழைய டப்பாவில் மிச்சமிருந்ததைத் தட்டிப் போட்டேன், டப்பா காலி. அந்த டப்பாவில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. அதே கம்பெனியின் புது டப்பாவை எடுத்துத் தாளைக் கிழித்தேன். சீலியாக் வந்த நாளிலிருந்து கடைச் சாமான் எது கைக்கு வந்தாலும் சின்ன எழுத்தைப் படிக்கிற வியாதி எனக்கு. பிஸ்கட் படித்தேன், கிச்சாப் சாஸ் படித்தேன், பற்பசைகூடப் படித்தேன். பெருங்காயத்தை மட்டும் படித்ததில்லை. அது சாமானில்லை, மருந்து. மருந்தை யார் சந்தேகப்படுவார்கள்? அன்றைக்குக் கண் தானாகப் போய் விழுந்தது. தெப்போங் கண்டும் என்று மலாயில் இருந்தது. கோதுமை மாவு. பெருங்காயம் கொஞ்சம், அதைத் தூளாக்க மாவு நிறைய.

வேலியே பயிரை மேய்ந்த கதை. வயிறு வலித்தால் ரசம், ரசத்தால் வயிற்று வலி, அதற்கு மறுபடி ரசம். ஒரு வருஷமாக நான் அவளுக்கு ஆசை ஆசையாக, கரண்டி கரண்டியாகக் கோதுமை ஊட்டியிருக்கிறேன்!

"கண்டுபிடிச்சிட்டேன்! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று நான் போட்ட சத்தத்தில், கரப்பான் பூச்சிதான் என்று நினைத்து அவள் செருப்போடு எழுந்து வந்தாள். டப்பாவைக் காட்டினேன். அவள் படித்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள்.

"அப்ப இந்த ஒரு வருஷமா..."

"என் ரசம்தாம்மா" என்றேன்.

திட்டப் போகிறாள் என்று நின்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வலியும் சிரிப்பும் ஒன்றாக வந்து கண்ணில் தண்ணீர். "சின்ன வீட்ட சந்தேகப்பட்டேன், பெரிய வீட்டுக்காரரு வெஷம் வச்சிருக்காரு லா!" என்றாள். நான் அடுப்பிலிருந்த ரசத்தைச் சட்டியோடு தூக்கிச் சிங்கில் கொட்டினேன். ஓரத்தில் பாட்டில் மெல்லக் குமிழி விட்டுக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தது.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். பெருங்காயம் வீட்டை விட்டுப் போனது. வலி நின்றது. ஒரு மாதம் போயிற்று, அடுத்த மாதமும் போயிற்று, வரவில்லை. ஆனாலும் ரொட்டி என்றால் அவள் தயங்கினாள், நானும் வற்புறுத்தவில்லை. பாட்டிலுக்கு மட்டும் மாவு போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை அவளாகவே கேட்டாள். "சின்ன வீடு சும்மாதானே இருக்கு?" அன்று சுட்டேன். ஆறும்வரை காத்திருந்தேன், நம்புங்கள். ஞாயிறு ஒரு துண்டு தின்றாள். ராத்திரி முழுக்க ஒன்றும் ஆகவில்லை. திங்கள் விடியற்காலையில் இரண்டு துண்டில் காயா தடவி, தாளில் சுற்றி அவள் பையில் வைத்தேன்.

பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வேனில் சாமான் ஏற்றுவதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். கடைசியில் மணி அடித்தது. பின்னால் லாரி இரைச்சல், மோட்டார் சைக்கிள் ஹாரன். பாலத்தில்தான் இருந்தாள்.

"தின்னியா?"

"ஒரு துண்டு தின்னேன். நல்லா இருந்துச்சு. நாளைலேருந்து நாலு வைங்க."

"ஒண்ணுதானா? இன்னொண்ணு?"

"அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை வாரம்! எத்தனை செங்கல், எத்தனை பசை, எத்தனை புளித்த தோசை! "அவங்களுக்கு எதுக்கு? அவங்கதான் கடையில எந்த ரொட்டி வேணும்னாலும் வாங்கித் திங்கலாமே! ஒனக்குன்னு செஞ்சேன் நானு!"

பஸ் ஒரு குலுக்கலில் நகர்ந்த சத்தம் கேட்டது.

"ஒரு வருஷமா அவங்கதாங்க நீட்டுனாங்க. நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "இன்னிக்கு நான் நீட்டுனேன்."

நான் சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டு உள்ளே போய், பாட்டிலைத் திறந்து, நாலு துண்டுக்கு ஆகிற மாதிரி மாவைக் கூட்டிப் போட்டேன்.