கல்யாணப் படத்துக்காகக் கடலில் இறங்கிய ஜீப்

என் பழைய ஃபோர்வீல் ஜீப்பின் உடம்பு அலுமினியம். இரும்பைப் போல அதில் கறள் பிடிக்காது. பிடிப்பதெல்லாம் அடியில், முழுப் பாரத்தையும் தாங்கும் செசி இரும்பில்தான், அதுவும் உள்ளிருந்து. மூன்று வருடம் மல்லாந்து கிடந்து அந்த இரும்பை வெட்டி ஒட்டினேன். கடற்கரை ஊர் என்பதால் மாதாமாதம் அதற்குள் ஒயில் அடித்தேன்.

மனைவியின் தம்பி தன் கல்யாணத்துக்குக் கேட்டார். கொடுத்தேன். படமெடுப்பவன் சொன்னான் என்று, சாய்ந்தமருதுக் கடலில் அலை கதவைத் தொடும்வரை ஜீப்பை இறக்கியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து அவர் படத்தைக் காட்டியபோதுதான் எனக்கே தெரியும்.

"கழுவினீங்களா?"

"ஓம் மச்சான், மேலெல்லாம் ஷாம்பு போட்டுக் கழுவித்தான் கொண்டாந்தன். ஒரு கீறல் இருக்கா, பாருங்க."

கீறல் இல்லைதான். அன்றே செசிக்குள் குழாயை விட்டு நல்ல தண்ணீர் அடித்தேன். பிந்திவிட்டது. இரண்டு மாரி கழித்துச் செசியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"பழைய சாமான்தானே மச்சான்" என்றார்.

அந்தப் படம் அவர் வீட்டு ஹோலில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. உப்புக்காற்று பட்டால் கெட்டுவிடுமென்று, கடல் பக்க யன்னலை அவர் திறப்பதே இல்லை.