முதல் பக்கத்துச் சிவப்பு வரி

எங்கள் மனநல மருத்துவமனையில் நான் பதிவேட்டு அறைக்காரன். ஃபைல் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். கேட்கிற தோரணை பிடிக்காவிட்டால் கொஞ்சம் மெதுவாகத் தேடுவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், வார்டிலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னிடம் ஏழு வருஷம் விடாமல் வேலை வாங்கியவர் எங்கள் உளவியலாளர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'ரெண்டு பேர் மேடம்' என்று பெயர்.

ஒரு நோயாளிக்கு இன்ன கோளாறு என்று யார் வந்து சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றைத்தான்: "தனியாப் பாத்த ரெண்டாவது ஆள் என்ன சொன்னாங்க?" ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் அவருக்கு அது முடிவு. வீட்டிலும் இதே கூத்து. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒருநாள் கணவரிடமும் மாமியாரிடமும் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து, தன் சமையலில் உப்பு எப்படி என்று தனித்தனியாக எழுதச் சொல்லியிருக்கிறார். இரண்டு சீட்டிலும் ஒரே பதில்: அதிகம். "என் ஆராய்ச்சியிலகூட இவ்வளவு ஒத்துமை வந்ததில்லண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரியாய்ச் சிரித்தார்.

அவர் ஆராய்ந்தது ஆளுமைக் கோளாறு. ஒருவர் தன்னோடும் மற்றவர்களோடும் பழகுகிற விதமே வருஷக்கணக்கில் சிக்கலாகிப் போவது. பழைய முறையில் அதற்குப் பத்து வகை, அதாவது பத்துப் பெட்டி. ஆளை எதிலாவது ஒன்றில் போட்டாக வேண்டும். காலையில் பார்த்த டாக்டர் மூன்றாவது பெட்டியில் போடுவார், மதியம் பார்த்த டாக்டர் அதே ஆளை ஏழாவது பெட்டியில் போடுவார், இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். மேடத்துக்கு இதைக் கண்டாலே ஆகாது.

"காய்ச்சல் எவ்வளவுன்னு அளக்காம, அதுக்குப் பேர் வைக்கிறதுல சண்ட போட்டுட்டிருக்கோம். முதல்ல கோளாறு இருக்கா? இருந்தா எவ்வளவு தீவிரம்? அத ரெண்டு பேர் ஒத்துக்கட்டும். பேரு அப்புறம் வைக்கலாம்" என்பார்.

இதற்கு நடுவில் தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தையல் அறையில் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடிப்பவர். ஒரு காலத்தில் இங்கேயே நோயாளியாக இருந்தவர். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. வேலை நிரந்தரமாக மூன்று முறை வாய்ப்பு வந்தது; மூன்று முறையும் உடல்நலச் சான்றிதழில் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டார்கள். மேடத்தின் ஆராய்ச்சி முடிகிற சமயம், அடுத்த மாதத்தோடு அவருக்கு வயது வரம்பும் முடிய இருந்தது. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் கூலிதான்.

ஒவ்வொரு முறையும் என் ஜன்னலில் வந்து நிற்பார். "அண்ணே, என் ஃபைல்ல அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

"அதெல்லாம் காட்டக் கூடாதும்மா."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். என்னைப் போன்ற ஒரு சிடுமூஞ்சியிடம்கூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

எழுதியிருந்தது எனக்குத் தெரியும். எழுதியவனே நான்தானே. நோயாளி இப்போது வருகிறாரோ இல்லையோ, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பழைய ஃபைலைக் கட்டி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று திறப்போம். பழைய ஃபைலில் நோய் என்று என்ன இருக்கிறதோ அதைப் புதியதன் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுவது என் வேலை. யாரும் நோயாளியைத் திரும்பப் பார்த்துவிட்டு எழுதச் சொல்வதில்லை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம். தையல்காரம்மாவின் ஃபைலில் 'ஆளுமைக் கோளாறு' என்று நான்கு முறை முத்து முத்தாக எழுதியிருக்கிறேன்.

மேடத்தின் ஆராய்ச்சிக்கு நூற்றிருபது பழைய ஃபைல்களைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். முதல் பக்கம், ஆளின் பெயர், நோயின் பெயர், எழுதியவர் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, உள்ளே இருப்பதை நான் மறுபடி தட்டச்சு செய்து, எண் மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். அதை மேடம் தனியாகவும், வேறொரு மருத்துவமனை உளவியலாளர் தனியாகவும் படித்து மதிப்பிடுவார்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல், உறையில் போட்டு ஒட்டி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. தையல்காரம்மாவின் ஃபைல் நாற்பத்தேழாம் எண்ணில் வந்தது. தட்டச்சு செய்யும்போதே எனக்குத் தெரியும். பழைய தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தவர் யார் என்பதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏழு வருஷ வேலை பாழ்.

உறையைப் பிரித்த அன்று மத்தியானம் மேடமும் நானும் என் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். நாற்பத்தேழுக்கு இரண்டு மதிப்பீட்டாளர்களும் எழுதியிருந்தது ஒன்றே: 'கோளாறு இல்லை. குழந்தை இறந்து மூன்று வாரம். துக்கம், தூக்கமின்மை.' குழந்தை இறந்த செய்தி ஒரு நர்ஸின் குறிப்பில், இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. நான் பழைய ஃபைலை எடுத்து நீட்டினேன்.

"யாருண்ணே இவங்களுக்கு ஆளுமைக் கோளாறுன்னு எழுதினது? ரெண்டாம் பக்கத்தத் திருப்பியாவது பாத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்தைப் பார்த்தார். அவருடையது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். இருபது நிமிஷப் பேட்டி. 'கத்தினார், டம்ளரை எறிந்தார்' என்று எழுதி, ஒரு பெட்டியில் போட்டிருந்தார்.

முகம் வெளுத்துவிட்டது. 

தலைமை மருத்துவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த ஒண்ண எடுத்துடுங்க. நூத்திப் பத்தொன்பது போதும். நீங்களே தப்புப் பண்ணியிருக்கீங்கன்னு தெரிஞ்சா, உங்க முறைய ஆஸ்பத்திரிக் குழுவுல எவன் ஏத்துப்பான்?" என்றார்.

"என் தப்பையே கண்டுபிடிக்குற முறை சார் இது. அதத்தான் முதல்ல காட்டப்போறேன்" என்றார் மேடம். குரலில் நடுக்கமே இல்லை. அடுத்த வாரம் குழுவின் முன்னால் அப்படியே செய்தார். பெயர் சொல்லாமல் நாற்பத்தேழைத் திரையில் காட்டி, "இத எழுதினது நான்" என்று தொடங்கினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, உறையைப் பிரித்த மறுநாள் காலையிலேயே, என்னையும் இழுத்துக்கொண்டு தையல் அறைக்குப் போய்விட்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்களப் பத்தி நான் தப்பா எழுதிட்டேன். உங்க வேலை தட்டிப்போனது அதனாலதான். என்ன மன்னிச்சிருங்க. வேற ரெண்டு டாக்டருங்க உங்களப் புதுசா, தனித்தனியாப் பாப்பாங்க. நான் அதுல தலையிட மாட்டேன். தலையிட்டா அதுவும் தப்பு."

தையல்காரம்மா கையிலிருந்த விரிப்பை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். "நான் அன்னைக்கிக் கத்தினேன்ல? அதானே காரணம்?" என்றார். "எனக்கு அப்பவே தெரியும் மேடம். அதுக்கப்புறம் நான் கத்தவே இல்ல. வீட்டுலயும் இல்ல, பஸ்லயும் இல்ல. கத்தினா அதையும் எழுதிடுவாங்கன்னு பயம்."

 மேடம் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். இருவருமே கோளாறு இல்லை என்று எழுதினார்கள். வயது வரம்புக்கு ஒன்பது நாள் மிச்சமிருக்கையில் 'தகுதியுண்டு' என்ற சான்றிதழ் வந்தது. சிவப்பு மையில் நகலெடுக்கும் வழக்கத்தையும் குழு நிறுத்திவிட்டது. இப்போது புது ஃபைல் திறந்தால் இரண்டு பேர் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

சான்றிதழோடு தையல்காரம்மா நேராக என் ஜன்னலுக்கு வந்தார். என் பக்கத்தில் மேடம் நின்றிருந்தார்.

"மேடம் சொன்னாங்க, நாலு தடவை எழுதினீங்களாமே! ஒரு தடவையாவது இது யாரு, எப்படி இருக்கான்னு நிமிந்து பாத்தீங்களாய்யா? தெனமும் உங்க ஜன்னலத் தாண்டித்தானே போனேன்! கண்ணு இருந்துச்சா, இல்லையா?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஜன்னல் பலகையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். என் பேனா ஸ்டாண்டு சாய்ந்து பேனாக்கள் தரையெங்கும் உருண்டன. பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி அவரையும் ஒரு பிடி பிடித்தார். மேடம் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

எனக்கு வரவேண்டிய கோபம் வரவில்லை. சிவப்புப் பேனா என் காலடியில்தான் கிடந்தது. அவர் திட்டி முடிக்கும்வரை நான் குனியவில்லை.