நஸ்ரீன் நிறுத்திய லைன்

ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன நஸ்ரீன் ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த உற்பத்தி லைனை நிறுத்திவிட்டாள்.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"நட்டு லூசா உக்காருது சார். நீங்களே பாருங்க" என்றாள். நான் கத்தியும் அவள் இடத்தைவிட்டு நகரவில்லை.

பார்த்தேன். அத்தனையும் அளவு மாறிய நட்டுகள். அவை வந்த பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

எல்லோரையும் அங்கேயே கூப்பிட்டேன். "தப்பு என்னோடது. மன்னிச்சிரும்மா. இனிமே சந்தேகம் வந்தா யார் வேணும்னாலும் நிறுத்துங்க" என்றேன்.

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வந்து, "எங்க மெஷின்லயும் கோளாறு இருக்கு சார், உங்களுக்குப் பயந்து சொல்லல" என்றார்கள்.

இன்று நஸ்ரீன்தான் லைன் லீடர். என் தவறை என் முகத்துக்கு நேராகச் சொல்லும் ஆட்கள் என்னிடம் இருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பெருமை.