தம்பிக்கு எழுதிய பெயர்கள்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தம்பி ஜினோவுக்கு நகம் வெட்டியது. அம்மா அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். அக்காவான நான் வெட்டினேன். இருபது வயதுப் பையனைப் பிடிக்க அவளுக்கு வலு போதவில்லை.

"சுண்டுவிரல விட்டுரு ஜிஜி. பொறவு பாத்துக்கலாம்" என்றாள்.

அம்மா இன்பமேரி கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். அப்பா இறந்தபின், காய் உலர்த்தும் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலைக்கு மாறினாள். அங்கே ஜினோவைக் கூட வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வயதாகியும் அவன் பேசவில்லை என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தாள். மூளை வளர்ச்சிக் குறைவு என்று எழுதினார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பார்த்துக்கொண்டாள். ஸ்டோரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெடித்த காய்களை மட்டும் பொறுக்கித் தனியே போடுவான். வேறெங்கும் அவன் அப்படி உட்கார்ந்ததில்லை.

"இன்பம், உன் மகன் கண்ணுக்குக் கூலி கொடுத்தா முதலாளி தோட்டத்தை விக்கணும்" என்பார் சூப்பர்வைசர் ஜோபி சேட்டன்.

பதினெட்டு வயதில், ஒரு முகாமில் புது டாக்டர் ஆட்டிசம் என்றார்.

"மூணு வயசுல கொண்டு வந்திருந்தா பேச வச்சிருக்கலாம், அம்மச்சி."

"மூணு வயசுலதான் சார் கொண்டு போனேன்."

"அது அன்னைக்குள்ள ரீதி. அப்ப அப்படித்தான் எழுதுவாங்க."

அதோடு ஸ்டோருக்குப் போவதை அம்மா நிறுத்தினாள். பட அட்டைகள் வாங்கி அவனை எதிரே உட்காரவைத்தாள். தண்ணி சொல்லு, சோறு சொல்லு. அவன் எழுந்து ஸ்டோர்ப் பாதைக்கு ஓடினான். கதவைப் பூட்டினாள். அவன் தன் கையைக் கடித்தான்.

நான் தூரத்தில், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். எலப்புள்ளியில் குடியிருக்கிறேன். அம்மாவிடமிருந்து போனில் ஒரே கேள்விதான் வரும்.

"அன்னைக்கே இந்தப் பேர எழுதியிருந்தா பேசியிருப்பானாட்டி?"

"மீட்டர மாத்தினா ரீடிங் மாறும்மா. லோடு அதேதான்."

"அவன் என்ன பல்பாட்டி?"

சரியான விடை யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஆம், இல்லை என்று ஒன்று வேண்டியிருந்தது.

போன மாதம் அவனுடைய மாற்றுத்திறனாளி கார்டு புதுப்பிக்க மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த டாக்டர் இரண்டும் உண்டு என்றார். பழைய பெயரும் தப்பில்லையாம். அவனுக்குப் பிடித்த வேலை எதுவென்று கேட்டார். அம்மா சொன்னாள்.

"நல்ல வேலையாச்சே. ஏன் நிறுத்தினீங்க?"

அம்மா வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப எதுக்குட்டி ரெண்டு வருசம் அவன பூட்டி வச்சி அழ வச்சேன்?"

நான் லீவில் வந்து நகம் வெட்டிய மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், நாளைக்கு ஜோபி சேட்டனைப் பார்க்கப் போகிறேன் என்றாள்.

"என்ன கேப்பீங்க?"

"ரெண்டு பேரும் வாரோம், பழைய மூலை போதும், இவன் என் பக்கத்துலயே இருப்பான்னு சொல்லுவேன்."

"வேற ஆளப் போட்டிருந்தா?"

"அந்தாளு திட்டுவாரு. திட்டிட்டு விட்ருவாரு."

சாயங்காலம் குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஜீப்பிலேயே உயிர் போனது.

ஸ்டோருக்கு இன்னும் யாரும் போகவில்லை. அவள் கேட்க இருந்தது இரண்டு பேருக்கான இடம்; ஜினோவின் பக்கத்தில் உட்கார இப்போது அவள் இல்லை.