உடையார்பாளையத்தில் நகராத பில்

போன வருடம் ஆடி மாதம், உடையார்பாளையத்தில் நடந்தது இது. கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதித் தருவது என் தொழில். பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி அங்கே கிளை திறந்திருந்தார். சர்வர் பெரம்பலூரில். கிளையில் ஒரு மூட்டை யூரியா விற்றாலும், இருப்பு என்ன, விலை என்ன என்று பெரம்பலூரைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் பில் நகரும்.

அந்தப் பதில்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

முதலாளிக்கு என் சாஃப்ட்வேர் மேல் சந்தேகமே இல்லை. பில் போடும் பெண் மேல்தான். "அந்தப் புள்ளைக்குக் கை மெதுவு தம்பி. நீங்க ஒரு தடவ பாத்துட்டு வந்து சொல்லுங்க, வேற ஆளு போட்டுர்றேன்" என்றார். நான் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒருத்தியின் வேலை போய்விடும். மறுநாளே உடையார்பாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால், அவள் விரல்கள் என்னுடையதைவிட வேகம். கணினித் திரைதான் சுற்றிக்கொண்டே நின்றது. "நீ பில்லு போடுறதுக்குள்ள முந்திரி பூத்துக் காச்சிடும் போலருக்கும்மா" என்றார் வரிசையில் நின்ற ஒரு விவசாயி. சர்வரைச் சோதித்தேன். கேள்வி போய்ச் சேர்ந்ததும் அது உடனே பதில் தந்தது. இங்கிருந்து கேள்வி கிளம்பத்தான் தாமதம். மோடத்தை அணைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடி நின்றது. அலுத்துப்போய் ஒரு டீ சொல்லி உட்கார்ந்தேன்.

உடனே முதலாளியிடமிருந்து போன். "என்ன தம்பி, வேலையப் பாக்காம டீ குடிச்சிட்டு இருக்கீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். நான்கு மூலையிலும் கேமரா. "கட தொறந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டேதாங்க இருப்பாரு" என்றாள் அந்தப் பெண். நான்கு கேமராவின் படமும் கடையில் இருந்த ஒரே இணைய லைனை அடைத்துக்கொண்டு அவர் செல்போனுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பில் அதற்குப் பின்னால் நின்றது. பில் நிற்கிறதே என்று அவர் இன்னும் உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, உங்க போன்ல அந்த கேமராவக் கொஞ்சம் மூடுங்க" என்றேன். மூடினார். பில் சடசடவென்று வந்து விழுந்தது. "அட, ஓடுதா தம்பி?" என்றவர், அந்தக் காட்சியைக் காணும் ஆசையில் திரும்பவும் திறந்தார். பில் நின்றது.

கடையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இன்றும் அங்கே அவள்தான் பில் போடுகிறாள். யாராவது ஓர் ஆளைக் காட்டி மெதுவு என்று சொன்னால், இப்போதெல்லாம் நான் அந்த ஆளைப் பார்ப்பதில்லை; அவரை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.